அவன் பெயரில் அவள் அழுத்திய பட்டன்

அத்தியாயம் பதினேழு

பேசாவிட்டால் என்ன, வண்டி ஒன்றுதானே. வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் காடுகோடி வீட்டிலிருந்து தருணும் சௌம்யாவும் ஒரே ஸ்கூட்டரில்தான் கிளம்பினார்கள். வழக்கமாக அவன் தோளில் இருக்கும் அவள் கை, மூன்று நாளாகச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சண்டை என்னவென்று போன வார அத்தியாயத்திலேயே உங்களுக்குத் தெரியும். ஐதராபாத்தில் புது ப்ராஜெக்ட், சீனியர் இன்ஜினீயர் பதவி. செவ்வாய்க்கிழமை கம்பெனியில் கேட்டார்கள். தருண் அங்கேயே சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். "உன்னைக் கேட்டா நீ வேணாம்பே. அதான் கேக்கல" என்று ஒரு சமாதானமும் சொன்னான். அதைக் கேட்டபிறகு எந்தப் பெண்டாட்டி பேசுவாள்? சௌம்யாவும் பேசவில்லை.

வைட்ஃபீல்டில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏழு மாடி ஆஸ்பத்திரிதான் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. தருண், கட்டுகிற கம்பெனியில் சைட் இன்ஜினீயர். சௌம்யா, மேற்பார்வை பார்க்கிற கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். சௌம்யாவின் அப்பா எத்திராஜ், கம்பி கட்டுகிற மேஸ்திரி. லிங்கராஜபுரத்திலிருந்து தினமும் டிவிஎஸ்ஸில் வந்து, பதினாலு ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர்.

புருஷன் பெண்டாட்டி என்பது சைட்டில் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி யாருடைய அப்பா என்பது தெரியாது. தெரிந்தால் மாமனாருக்கு வேலை பிடித்துக் கொடுத்தான் என்று பேச்சு வரும் என்று தருண்தான் மறைக்கச் சொன்னான். அதனால் கேட்டுக்குள் வந்துவிட்டால் மாமனாரை அவன் 'மேஸ்திரி' என்பான். அவர் அவனை 'சார்' என்பார். மகள், அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வாள். முதல் இரண்டு வாரம் மூன்று பேருக்கும் இது சிரிப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

சௌம்யாவின் வேலையைக் கேட்டால் ரொம்பச் சுலபமாகத் தெரியும். கட்டடம் முடிகிறவரை டிராயிங் மாறிக்கொண்டே இருக்கும். ஆர்க்கிடெக்ட் ஒரு கதவை நகர்த்துவார், ஏசிக்காரர் ஒரு குழாயை நகர்த்துவார், அதைப் பார்த்து இன்னொருத்தர் சுவரையே நகர்த்துவார். ஒவ்வொரு முறையும் புது ரிவிஷன். புதியது வேண்டியவர் எல்லோர் கைக்கும் போக வேண்டும், பழையது எல்லோர் கையிலிருந்தும் திரும்பி வர வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். வீட்டில் காலாவதியான மாத்திரைபோல, பழைய டிராயிங் எங்காவது ஒரு மூலையில் கிடந்து ஆளைச் சாகடிக்கப் பார்க்கும்.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு நாலாவது மாடிக்குக் கான்கிரீட் போடுவதாக இருந்தது. பம்ப் வந்துவிட்டது. மிக்ஸர் லாரிகளுக்குச் சொல்லியாகிவிட்டது.

*

பதினொரு மணிக்கு மமதா மேடம் நாலாவது மாடிக்கு ஏறி வந்தார்.

மமதா, சௌம்யாவின் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். மைசூர்க்காரர், அவருடைய தமிழில் பாதி கன்னடமாக இருக்கும், கோபம் வந்தால் முழுக்க கன்னடமாகிவிடும். கீழ் மாடிகளுக்கெல்லாம் அவர் நேரில் வந்ததில்லை. தருண் கையெழுத்துப் போட்ட செக்லிஸ்ட்டைப் பார்த்து, தானும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். இந்த மாடியில் ஸ்கேன் அறை வரப்போகிறது, மெஷினே பல டன் என்பதால் இன்றைக்கு நேரில் வந்திருந்தார்.

கம்பிமேல் போட்டிருந்த பலகையில் கால்வைத்து நடந்துபோய், ஸ்கேன் அறை பீமுக்குப் பக்கத்தில் குனிந்தார். கையில் டேப்லெட். அடிக்கம்பியை விரலால் தொட்டு எண்ணினார்.

"ஒந்து, எரடு, மூரு, நால்கு."

விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மறுபடியும் நாலுதான் வந்தது.

"மேஸ்திரி, இன்னும் ரெண்டு எல்லி?"

எத்திராஜ் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நாலுதான் மேடம். நாலு கம்பி, இருபது எம்.எம். டிராயிங்ல அப்பிடித்தான் இருக்குது."

"ஆறு கம்பி. இருபத்தஞ்சு எம்.எம். உங்க டிராயிங் கொடுங்க."

எத்திராஜ் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளிருந்து மடித்த பிரிண்ட்டை எடுத்துக் கொடுத்தார். மமதா மூலையைப் பார்த்தார். ரிவிஷன் நாலு. டேப்லெட்டை, பின்னாலேயே வந்திருந்த தருணிடம் நீட்டினார். ரிவிஷன் அஞ்சு. ஸ்கேன் அறையை இந்த மாடிக்குக் கொண்டுவந்ததால் பீமின் கம்பியையே கூட்டியிருந்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை வந்த டிராயிங் இது. இன்னும் மூணு மணி நேரத்துல கான்கிரீட் போட்டிருப்போம். அதுமேல மெஷின் வச்சு, பேஷண்ட்டைப் படுக்க வச்சிருப்போம்." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்களுக்கு வந்துதா இல்லியா தருண்?"

"இல்ல மேடம், எனக்கு..."

"வந்திருக்கு. பாருங்க."

திரையில் தெளிவாக இருந்தது. பெற்றுக்கொண்டவர்: தருண். செவ்வாய், இரவு எட்டு நாற்பது.

செவ்வாய்க்கிழமை எட்டு நாற்பதுக்கு அவன் மொட்டை மாடியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றிருந்தான். லேப்டாப் கீழே வீட்டில் இருந்தது. 'பெற்றுக்கொண்டேன்' பட்டனை அழுத்தியது யார் என்று அவனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

சொன்னால் சௌம்யாவின் வேலை போகும். பாஸ்வேர்டைக் கொடுத்த அவன் வேலையும் போகும். ஐதராபாத்தும் போகும். இதையெல்லாம் அவன் யோசித்துத் தீர்மானித்தான் என்று சொல்ல மாட்டேன். யோசிக்க நேரமில்லை. வாய் தானாகப் பேசியது.

"வந்துச்சு மேடம். பிரிண்ட்ட மாத்திக்கச் சொல்லி மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவர் மாத்தல போலிருக்கு."

எத்திராஜ் மருமகனைப் பார்த்தார்.

முப்பது வருஷமாகக் கம்பி கட்டுகிற மனிதர். 'நீங்க குடுக்கவே இல்லியே சார்' என்று சொல்லியிருக்கலாம். பதினாலு ஆட்களும் கையில் கொக்கியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்வார் என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். சொன்னால் மகளின் புருஷன் எல்லோர் முன்னாலும் பொய்யனாவான். அவர் வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல் வார்த்தையை மடித்துக்கொண்டார்.

"சரி சார்" என்றார்.

"சரியா? என்ன சரி?" மமதா கன்னடத்துக்குத் தாவினார். அதன் சாரம் இதுதான்: லாரிகளைத் திருப்பி அனுப்புங்கள். இந்த கேங் முழுக்க வெளியே. நாலு மணிக்கு மீட்டிங், அதில் ரிப்போர்ட் போகும், மேஸ்திரி பெயர் தடைப் பட்டியலில் ஏறும். அதன்பிறகு அந்தக் கம்பெனியின் எந்தச் சைட்டிலும், அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிற எந்தச் சைட்டிலும் எத்திராஜால் காலெடுத்து வைக்க முடியாது.

*

கேங் வெளியேறுவதைச் சௌம்யா பார்த்தது கன்டெய்னர் ஆபீஸின் ஜன்னல் வழியாக. அப்பா செக்யூரிட்டியிடம் ஹெல்மெட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வரிசையாக நின்றிருந்தார்கள். பதினொன்றரைக்கு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

கேட்டைத் தாண்டி ஓடினாள். அவர் அதற்குள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியிருந்தார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. ஸ்கேன் ரூம் பீமு. நான் கட்டினது பழைய டிராயிங்காம். புதுசு குடுத்தாங்களாம், நான் மாத்திக்கலியாம்."

"யாரு சொன்னது?"

"சார் சொன்னாரு."

அவர்கள் நின்றிருந்தது கேட்டுக்கு வெளியே. அங்கே அவன் அவருக்கு மாப்பிள்ளை. ஆனாலும் அவர் சார் என்றார். சௌம்யாவுக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"உங்ககிட்ட சொன்னாரா இல்லியாப்பா? நேரா சொல்லுங்க."

"அத்த உடும்மா. எனக்கு இன்னா, இது இல்லன்னா வேற சைட்டு. நீ உள்ள போ. யாராச்சும் பாக்கப்போறாங்க." வண்டியை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. இரண்டாவதிலும் கிளம்பவில்லை. மகள் பார்த்துக்கொண்டே நிற்க, மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

அவள் ஆபீஸுக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தாள். செவ்வாய், எட்டு நாற்பது என்பதைப் பார்த்தாள். அழுத்தியது அவளேதான்.

விஷயம் ஏழு மாதத்துக்கு முந்தியது. புது டிராயிங் வந்தால் ஒவ்வொரு இன்ஜினீயரும் போர்ட்டலில் நுழைந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாதவர்கள் பெயர் திங்கள்கிழமை மீட்டிங்கில் பெரிய திரையில் சிவப்பாக வரும். ஒரு திங்கள்கிழமை தருண் பெயருக்கு நேராகப் பதினொன்று சிவப்பு. அத்தனை பேர் முன்னால் அவன் தலைகுனிந்து நின்றதைச் சௌம்யாவால் தாங்க முடியவில்லை. திரையைப் போட்டுக் காட்டியதே அவள்தான், அது வேறு.

அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அது வீட்டு வழக்கமாகிவிட்டது. மற்ற வீடுகளில் எட்டரைக்கு டிவி ஓடும். இந்த வீட்டில் டிராயிங் நம்பர் ஓடும். சப்பாத்தி கல்லில் இருக்கும்போதே ஒரு கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டு அவள் வாசிப்பாள்: "மூணாவது மாடி, படிக்கட்டு, ரிவிஷன் ரெண்டு. கைப்பிடிச் சுவர் தள்ளிப் போவுது, கேட்டியா?" அவன் உள்ளிருந்து "ம்" என்பான். அவள் பட்டனை அழுத்துவாள். சிவப்பு போச்சு. கல்யாணமான புதிதில் அவர்களுக்கிடையே இருந்த கொஞ்சல்களில் இதுவும் ஒன்று என்றுகூடச் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமையும் அழுத்தினாள். ஆத்திரத்தில் கண் கலங்கியிருந்தது, பேசக் கூடாது என்று வைராக்கியம் வேறு. பேசாமலிருப்பவள் டிராயிங்கை மட்டும் வாசித்துக் காட்டுவாளா? கை பழக்கத்தில் அழுத்தியது. வாய் சண்டையில் மூடியிருந்தது. புதன்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புதன்கிழமையும் சண்டை தீரவில்லை.

*

டைல்ஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஷெட்டுக்குப் பின்னால் தருணைப் பிடித்தாள். மூன்று நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு இது.

"எங்கப்பாவை ஏன் சொன்னே?"

"உன்னைச் சொல்லியிருக்கணுமா?"

"ஆமா. என்னைச் சொல்லியிருக்கணும்."

"சௌமி, கொஞ்சம் யோசி. அந்த பட்டனை அழுத்தினது நீதான்னு சொன்னா, அப்புறம் நம்ம ரெண்டு பேரையும் இந்த ஊர்ல எவன் வேலைக்கு வச்சுக்குவான்? நீ செக் பண்ற கன்சல்டன்ட் ஆளு, நான் கட்டற கான்ட்ராக்டர் ஆளு. என் பாஸ்வேர்டு உன்கிட்ட. வேற வினையே வேணாம், பேர் நாறிடும்."

"அதுக்கு எங்கப்பா பேர் நாறலாமா?"

"அவருக்கு வேற சைட் கிடைக்கும். அவரே அப்படித்தான் சொல்வாரு."

அப்பா அப்படித்தான் சொன்னார் என்பதுதான் அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"தடைப் பட்டியல்ல ஏறினா எந்த சைட்? பதினாலு பேரு அவரை நம்பி இருக்காங்க. அது உனக்குத் தெரியும்."

"பீமைச் சரி பண்ணப்போறாங்க. கான்கிரீட் போடல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ரெண்டு மாசம் போகட்டும், நானே மாமாவுக்கு ஐதராபாத்ல..."

"ஐதராபாத் பேரை எடுத்தே, இங்கேயே கத்துவேன்."

அவன் நிறுத்திக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. "நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான். இந்த முறை குரலில் வாதம் இல்லை. "அன்னிக்கு ஒரு வார்த்தை. 'டிராயிங் வந்திருக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை."

அவளும் மூன்று நாளாகத் தன் கோபத்தைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள்தானே.

"நாலு மணி மீட்டிங்ல நீ வாயைத் தொறக்காத. எனக்காகச் செய்" என்றான் தருண்.

அவள் திரும்பி ஆபீஸை நோக்கி நடந்தாள்.

ஒரு மணிக்கு அம்மா போன் செய்தாள். சந்திரம்மாவுக்குப் போனில் மெதுவாகப் பேசத் தெரியாது. இன்றைக்கு மெதுவாகப் பேசினாள்.

"சௌமி, உங்கப்பா வூட்டுக்கு வந்துட்டாரும்மா. டின் ஃபேக்டரி சிக்னல் டிராஃபிக்ல மாட்டிக்கினு இப்பத்தான் வந்தாரு. சோறு வேணான்றாரு. டிவியைப் போட்டுக்கினு சத்தத்தைக் குறைச்சுட்டு சும்மா பாத்துக்கினு குந்திக்கினு இருக்காரு. அங்க இன்னா நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. கான்கிரீட் தள்ளிப் போயிடுச்சு."

"அவரும் அதையேதான் சொன்னாரு" என்றாள் சந்திரம்மா. நம்பவில்லை என்பது தெரிந்தது. "மாப்ளைகிட்ட சண்டை எதுவும் இல்லியே?"

"இல்லம்மா. அப்புறம் பேசறேன்."

அதற்குப் பிறகு அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய கப்பை மறுபடி கழுவினாள். பிரிண்டரில் பேப்பர் இருந்தும் திறந்து பார்த்தாள். பக்கத்து மேஜை ஆஞ்சலா, "என்னக்கா, குழி தோண்டற மாதிரி நடக்கறீங்க, உக்காருங்க" என்றதற்குச் சிரிக்க முயன்றாள். சொல்லாமல் விட்டால் எல்லாம் பழையபடி நடக்கும். திங்கள்கிழமை திரையில் சிவப்பு இருக்காது. அப்பா மட்டும் சத்தமில்லாத டிவி பார்த்துக்கொண்டிருப்பார். அதை ஒரு நாள் தாங்கலாம். வருஷம் முழுக்க எப்படித் தாங்குவது?

மூன்றரைக்கு எழுந்து மமதாவின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

*

"மேடம், செவ்வாய்க்கிழமை அந்த டிராயிங்கைப் பெத்துக்கிட்டதா போட்டது தருண் இல்ல. நான். அவர் பாஸ்வேர்டுல, எங்க வீட்டுலேர்ந்து. அவர் அதைப் பாக்கவே இல்ல. மேஸ்திரிக்கும் போகல. மேஸ்திரி மேல தப்பு இல்ல."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். பாதியில் நிறுத்தினால் மீதி வராது என்று அவளுக்குத் தெரியும்.

மமதா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள் சௌம்யா. திட்டவில்லை.

"இது ஒண்ணுதானா?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்து ஒரு பீம், ஒரு டிராயிங், ஒரு மேஸ்திரி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். ஏழு மாசமா."

"எத்தனை?"

"தெரியல."

"டாக்குமெண்ட் கன்ட்ரோலர் நீ. தெரியலன்னா எப்படி? எடு."

அவள் அங்கேயே உட்கார்ந்து லிஸ்ட்டை எடுத்தாள். தருண் பெயரில், சாயங்காலத்துக்கு மேல், வீட்டு இணைப்பிலிருந்து அழுத்தியது மட்டும். நூற்று நாற்பத்து மூன்று. அடித்தளம், முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது. கான்கிரீட் போட்டு, இறுகி, மேலே மாடி ஏறிவிட்டவை.

மமதா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல எத்தனையை அவன் நிஜமா பாத்திருப்பான்?"

"நான் வாசிச்சுச் சொல்வேன் மேடம். அவர் கேட்டுப்பாரு."

"கேட்டானா?"

உள்ளறையிலிருந்து வரும் அந்த 'ம்' சௌம்யாவுக்கு நினைவு வந்தது. சில நாள் அது குறட்டையோடு சேர்ந்து வரும். அவள் சிரித்துக்கொண்டே அழுத்திவிட்டுப் போர்வையை இழுத்துவிடுவாள். இப்போது அதை நினைக்கக் கூசியது.

"சில நாள் தூங்கிட்டிருப்பாரு" என்றாள்.

மமதா எழுந்து ஜன்னலுக்குப் போனார். கட்டடம் எதிரே நின்றிருந்தது. முதல் மாடியில் பூச்சு வேலை, மூன்றாவதில் செங்கல் ஏற்றுகிறார்கள். "கீழ் மாடி எல்லாத்துக்கும் என் கையெழுத்து இருக்கு சௌம்யா. அவன் செக்லிஸ்ட்டை நம்பிப் போட்டது. நானும் போய் எண்ணல." தன்னிடமே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். பிறகு திரும்பினார். "உன் ஐடி கார்டை இங்க வை. நாளைக்கு உனக்கு வேலை இருக்காது, அதை நான் தடுக்க முடியாது. ஆனா இன்னிக்கு நீ எங்கயும் போகக் கூடாது. இந்த நூத்தி நாப்பத்து மூணையும் கட்டினதோட ஒத்துப் பாக்கணும். கான்கிரீட்டுக்குள்ள என்ன கம்பி இருக்குன்னு பேப்பர் சொல்லாது. யாருக்குத் தெரியும்?"

"மேஸ்திரிக்குத் தெரியும் மேடம். எதை எப்படிக் கட்டினோம்னு அவருக்கு ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கும்."

"காலையில நான் வெளிய அனுப்பின ஆளு. கூப்பிட்டா வருவாரா?"

"வருவாரு" என்றாள் சௌம்யா. கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. "அவரு எங்கப்பா."

மமதா கார்டைக் கையில் எடுத்தார். "ஏனம்மா இது, நீங்க மூணு பேரும் சேர்ந்து கட்டடம் கட்டினீங்களா, நாடகம் போட்டீங்களா?" என்றார். கோபமா, அலுப்பா என்று தெரியவில்லை. போனை அவள் பக்கம் தள்ளினார். "ஸ்பீக்கர்ல போடு."

மூன்றாவது மணியில் எத்திராஜ் எடுத்தார். மமதாவே முதலில் பேசினார். தப்பு உங்களுடையது இல்லை, என் தப்பு, மன்னிக்கணும் என்றார். பெரிய மேடம் ஒருத்தர் அப்படிச் சொன்னதற்கு எத்திராஜ், "பரவால்ல மேடம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அப்பா, நான்தான்ப்பா" என்றாள் சௌம்யா. "நடந்ததை எல்லாம் மேடத்துகிட்ட சொல்லிட்டேன். கீழ் மாடிங்கள்ல என்ன கம்பி கட்டினீங்கன்னு உங்களைக் கேக்கணுமாம். வர்றீங்களா?"

அப்போது கதவு திறந்தது. நாலு மணி மீட்டிங்குக்கு வந்த தருண் வாசலில் நின்றான். மேஜைமேல் கிடந்த ஐடி கார்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

போனில் எத்திராஜ் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. சந்திரம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று வெளியே வருகிறார் போலிருக்கிறது. இந்தப் பக்கம் போன் ஸ்பீக்கரில் இருப்பது அவருக்குத் தெரியாது.

"வர்றேன்மா. வராம இன்னா. ஆனா ஒண்ணு கேட்டுக்க. ரெண்டாவது மாடியில, லிஃப்ட்டுக்குப் பக்கத்துல ஒரு பீமு. தூணைப் பாத்தா பெருசாக்கீது, பீமுக்குக் கம்பி பத்தலியேன்னு எனக்கு அன்னிக்கே மனசு ஒப்பல. டிராயிங் மாறியிருக்கும், ஒரு தபா பாருங்கன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். 'லாரி வந்து நிக்குது, கட்டுங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்'னு சொன்னது உன் வூட்டுக்காரரு."

தருண் கதவுப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"காலையில நடந்ததுக்கு நான் வாயை மூடிக்கினேன். அது என் பேரு, போனா போவுது" என்றார் எத்திராஜ். "இது அப்பிடி இல்ல. நான் அங்க வந்து நின்னு அவங்க கேட்டாங்கன்னா, மறைக்க மாட்டேன். அப்பாவைக் கூப்புடறதா வேணாமான்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

மமதா லிஸ்ட்டில் இரண்டாவது மாடியைத் தேடி விரலை ஓட்டத் தொடங்கியிருந்தார். தருண் சௌம்யாவைப் பார்த்துத் தலையை ஆட்டினான், அவரை நேரில் வரச்சொல்ல வேண்டாம் என்று. கெஞ்சுகிற பார்வை. மூன்று நாளாக அவன் முதலில் வந்து பேசுவானா என்று ஏங்கியிருந்தவள் அவள். இப்போது அவன் பேசாமல் கேட்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்:

"வாங்கப்பா. சீக்கிரம் வாங்க."